சந்து செய்வித்த சான்றோர்

புறப்பகையினும் உட்பகை கொடிது. வெளியார் படையெடுத்து வரின் உறவினர் ஒன்றுகூடுவர். உறவினரே எதிரெதிர் நின்றால் குடியே அழியும். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்ச் சோழர் குடியில் அத்தகைய பகை மூண்டது. அதனைத் தணிக்க முன்வந்தவர் கோவூர் கிழார் என்னும் புலவர். புறநானூற்றின் 44 முதல் 47 வரையுள்ள பாடல்கள் அவர்தம் அரும்பணிக்குச் சான்று பகர்கின்றன.

நலங்கிள்ளியின் படை ஆவூரை முற்றுகையிட்டது. நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளேயிருந்தான். யானைகள் உணவின்றிச் சோர்ந்தன. குழந்தைகள் பாலின்றி அலறின. மகளிர் பூவற்ற கூந்தலை முடித்தனர். அறத்தைப் போற்றுவாயாயின் கோட்டையைக் கொடுத்துவிடு, மறத்தைப் போற்றுவாயாயின் வெளிவந்து போரிடு, இரண்டுமின்றி ஒளிந்திருத்தல் நாணத்தக்கது என்று அவனுக்கு இடித்துரைத்தார் புலவர்.

பின்னர் உறையூரிலும் முற்றுகை நிகழ்ந்தது. இம்முறை அவர் இருவரையுமே நோக்கிப் பேசினார். எதிர்நிற்பவன் பனம்பூச் சூடிய சேரனும் அல்லன். வேப்பம்பூச் சூடிய பாண்டியனும் அல்லன். இருவர் கண்ணியும் ஆத்தியே. எவர் தோற்பினும் தோற்பது சோழர் குடி. இருவரும் வெல்லுதல் இயற்கையன்று. இப்போரால் மகிழ்பவர் பிற வேந்தரே என்றார்.

நலங்கிள்ளியைப் பல பாடல்களில் புகழ்ந்தவர் அவர். எனினும் அவன் பக்கம் சாய்ந்து பேசவில்லை. இளந்தத்தன் என்னும் புலவனை நலங்கிள்ளியின் ஒற்றன் என ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்ல முற்பட்டபோது, பிறர்க்குத் தீங்கறியாதது புலவர் வாழ்வு என எடுத்துரைத்து அவ்வுயிரைக் காத்தார். கிள்ளிவளவன் தன் பகைவனாகிய மலையமானின் மக்களை யானைக் காலில் இடத் துணிந்தபோதும், புறாவின் துயர் தீர்த்த முன்னோனை நினைவூட்டி அச்சிறுவரை மீட்டார்.

போர் மேற்கொண்டவனைச் சந்து செய்விக்கும் இத்தகைய பாடல்களுக்குத் துணைவஞ்சி என்றே ஒரு துறை வகுத்தனர் பழந்தமிழர்.

அவர் கையாண்ட முறை எளியது. வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று அவர் தீர்ப்புக் கூறவில்லை. இருவர்க்கும் பொதுவானதை முதலில் நினைவூட்டினார். இடையில் வருந்துவோரைக் காட்டினார். நன்கொடை அளித்தவனிடமும் உண்மையை மறைக்கவில்லை.

நெடுங்கிள்ளியைக் காரியாற்றுத் துஞ்சியவன் என்று ஏடுகள் குறிக்கின்றன. முற்றுகைகளைக் கடந்தும் அவன் இறுதி காரியாற்றில் நேர்ந்தது. சந்து செய்வோர்க்கு முழுப்பயன் எப்போதும் கிட்டுவதில்லை. ஆயினும் இருபுறமும் நெருங்கிப் பேசக்கூடிய ஒருவரேனும் எஞ்சியிருக்கும் வரை ஒரு குடிக்கு, ஒரு சங்கத்திற்கு, ஓர் ஊருக்கு மீட்சி உண்டு.