ட்ரம்ப் கார்டில் இல்லாத ஒரு கணக்கு

தொண்ணூறுகளில் பிள்ளை வளர்த்தவர்கள் யாரும் டபிள்யூ.டபிள்யூ.எஃப். ட்ரம்ப் கார்டை மறந்திருக்க மாட்டீர்கள். கோடை விடுமுறையில் மாடிப்படியில் நாலு பையன்கள் உட்கார்ந்து சீட்டைப் பிரித்துக்கொண்டு "உயரம்!", "எடை!" என்று கத்துவார்கள். எண் பெரிதாக உள்ளவனுக்கு எதிராளியின் சீட்டு போய்விடும். ஏழடிக்காரர் சீட்டு வந்தவன் முகத்தில் சிரிப்பு. ஆறடிக்காரர் சீட்டு வந்தவன் அதைக் கட்டின் கடைசியில் செருகப் பார்ப்பான்.

உயரம், எடை, மார்பளவு, புஜத்தின் சுற்றளவு என்று பல கணக்கும் அந்தச் சீட்டில் உண்டு. ஆனால் அந்த மல்யுத்த வீரர்கள் தங்களுக்குள் ஒருவரை ஒருவர் எதை வைத்து மதித்தார்களோ, அந்தக் கணக்கு மட்டும் அதில் கிடையாது. இந்த இதழில் அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "அதெல்லாம் பொய்ச் சண்டைடா, போய்ப் படி" என்று டி.வி.யை அணைத்த அப்பாக்களில் நானும் ஒருவன். நான் சொன்னதில் பாதி சரி. யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவாகிவிடும். 1989-ல் நியூ ஜெர்சி மாநில செனட்டில் அந்த கம்பெனியே இது போட்டியல்ல, பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடும் வரியும் தங்கள் மேல் விழாமல் இருக்கத்தான் அந்த வாக்குமூலம். வரி என்று வந்தால் எப்பேர்ப்பட்ட ரகசியமும் வெளியே வந்துவிடும் பாருங்கள்!

நான் சொன்னதில் மீதிப் பாதிதான் தப்பு. முடிவு நாடகம், விழுவது நாடகம் இல்லை. அந்த மேடைக்கு அடியில் இரும்புச் சட்டம், அதன் மேல் மரப்பலகை, அதன் மேல் மெல்லிய மெத்தை, அதற்கு மேல் கித்தான் துணி, அவ்வளவுதான். நூற்று முப்பது கிலோ ஆள் உங்களைத் தலைக்கு மேல் தூக்கி அதில் போட்டால் புவியீர்ப்பு விசைக்கு ஸ்கிரிப்ட் தெரியாது. மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி விழத் தெரிந்திருக்க வேண்டும். தலை முதலில் பட்டால் அன்றோடு சரி.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ரசிகர்களுக்குப் பெரிய உருவம் பிடிக்கும். அதனால் கம்பெனி ஏழடி ஆட்களைத் தேடித் தேடிப் பிடிக்கும். அவர்களில் பலருக்கு நாலைந்து பிடிகள்தான் வரும், சீக்கிரமே மூச்சு வாங்கும். அவர்களை எதிரே வைத்துக்கொண்டு இருபது நிமிடம் கூட்டத்தைக் கட்டிப்போடும் பொறுப்பு எதிரே நிற்கும் சிறிய ஆளுடையது. இதற்கு அவர்கள் தொழிலில் 'கேரி' என்று பேர். அதாவது சுமப்பது. பார்ப்பவர்களுக்குப் பெரியவர் சிறியவரைத் தூக்குகிற மாதிரி தெரியும். உண்மையில் ஆட்டம் முழுவதையும் தூக்கிக்கொண்டு போகிறவர் சிறியவர்.

எப்படிச் சுமப்பார்கள்? கழுத்தைப் பிடித்து இறுக்கும்போது, முகத்தைத் தலைமுடியில் மறைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று காதோடு சொல்வார்கள். நடுவரும் சில சமயம் தூது போவார். பெரியவர் தூக்கும் கணத்தில் சிறியவர் தானே எம்பிக் கொடுப்பார். அவர் எம்பாமல் பிணம் மாதிரி கனத்தால் எப்பேர்ப்பட்ட பலசாலிக்கும் சிரமம்தான். பெரியவருக்கு மூச்சு வாங்கும் நேரம் பார்த்து, காலைப் பிடித்து முறுக்குவதுபோல் தரையில் கிடத்தி ஓய்வும் கொடுப்பார். கூட்டத்துக்கு அது சித்திரவதை, அவருக்கோ இளைப்பாறல்.

இந்த வேலையில் பெரிய கெட்டிக்காரர்களில் ஒருவர் கனடாவின் கால்கரி நகரைச் சேர்ந்த பிரெட் ஹார்ட். அந்த ரோஸ் நிறச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நன்றாக நினைவிருக்கும். 1957-ல் பிறந்தவர். பன்னிரண்டு குழந்தைகளில் எட்டாவது. அப்பா ஸ்டூ ஹார்ட் மல்யுத்தப் போட்டிகள் நடத்தியவர். வீட்டின் அடித்தளத்து அறையில் மெத்தை விரித்து அவர் பயிற்சி கொடுத்த இடத்துக்கு 'டன்ஜன்', அதாவது பாதாளச் சிறை என்று பேர். எட்டு மகன்களும் மல்யுத்தத்துக்கு வந்தவர்கள்தான். பிரெட்டின் உயரம் ஆறடி, எடை சுமார் 106 கிலோ. நமக்கு அது பெரிய உருவம்தான். அவர் தொழிலில் அது சிறியது.

1992 ஆகஸ்ட் 29, லண்டன் வெம்ப்ளி மைதானம். எண்பதாயிரம் பேர் வந்ததாக கம்பெனி கணக்குக் காட்டிய நாள். பிரெட்டுக்கு எதிராக அவருடைய தங்கை கணவர் டேவி பாய் ஸ்மித். பிரெட்டை விடப் பருமனான, பலசாலியான இங்கிலாந்துக்காரர். சொந்த ஊர்க் கூட்டத்துக்கு முன்னால் அவர்தான் ஜெயிக்க வேண்டும். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில், திட்டமிட்டதெல்லாம் மறந்துபோய்விட்டது என்று மாப்பிள்ளை மச்சான் காதில் சொன்னாராம். பிரெட் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதன் பிறகு சுமார் இருபத்தைந்து நிமிட ஆட்டத்தையும் ஒவ்வொரு அசைவாகக் காதில் சொல்லிச் சொல்லி நடத்தி, கடைசியில் சொன்னபடி தானே தோற்றும் கொடுத்தார். அன்று மாப்பிள்ளை திணறியது அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. இன்றும் அந்தக் கம்பெனியின் சிறந்த ஆட்டங்களின் பட்டியலில் அதைச் சேர்க்கிறார்கள்.

ஆனால் டேவி கைதேர்ந்தவர், அன்று ஒரு நாள்தான் தடுமாறினார். நான் சொல்ல வந்த விஷயத்துக்குச் சரியான உதாரணம் டீசல். உண்மைப் பெயர் கெவின் நாஷ். ஏழடி உயரம், எடை 136 கிலோவுக்கு மேல். கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர். ஜெர்மனியில் தொழில்முறையாக ஆடும்போது முழங்காலில் அடிபட்டு அந்த வாழ்க்கை முடிந்தது. 1990-ல்தான் மல்யுத்தத்துக்கு வந்தார். பேச்சு, தோரணை, நடை எல்லாம் பிரமாதம். பிடிகள்தான் குறைவு. நீண்ட காலைத் தூக்கி முகத்தில் உதைப்பது, மூலையில் நெருக்கி இடிப்பது, கடைசியில் தோள் மேல் தூக்கி மல்லாக்கப் போடும் 'ஜாக்நைஃப்'. ஏறக்குறைய அவ்வளவுதான். 1994 நவம்பரில் நியூயார்க்கில் எட்டே வினாடியில் சாம்பியன் ஆனார். எட்டு வினாடிக்கு அந்தச் சரக்கு போதும். இருபத்தைந்து நிமிடத்துக்கு என்ன செய்வது?

பிரெட் கண்ட வழி எளிமையானது. மரம் உயரமாக இருந்தால் உச்சியிலா வெட்டுவோம், அடியில்தானே? 1994 ஜூனில் பால்டிமோரிலும், 1995 ஜனவரியில் டாம்பாவிலும் இருவரும் மோதினார்கள். இரண்டிலும் பிரெட் கால்களைத்தான் குறிவைத்தார். இதில் மூன்று லாபம். ஏழடி ஆளை ஆறடி ஆள் சமாளிப்பதற்கு நம்பும்படியான காரணம் கிடைத்தது. பெரியவர் தரையில் கிடந்ததால் அவருக்கு வராத பிடிகள் எதுவும் தேவைப்படவில்லை. அவர் நொண்டிக்கொண்டே எழுந்து ஒரே உதையில் பிரெட்டைச் சாய்க்கும்போது, அந்த ஓர் உதைக்குப் பத்து உதையின் மதிப்பு வந்தது. இருக்கிற கையிருப்பு நாலு ரூபாய் என்றால், அதை எப்போது எடுத்து நீட்டுவது என்று தெரிந்தவரிடம் அதுவே நாற்பது ரூபாயாகத் தெரியும்.

மூன்றாவது ஆட்டம் 1995 நவம்பர் 19, மேரிலாந்தின் லேண்டோவர் நகரில். டீசல் சாம்பியனாகி ஏறக்குறைய ஒரு வருடம். அன்று பட்டம் பிரெட்டுக்குப் போக வேண்டும். ஜெயிக்க வேண்டியவர் தான்தான் என்றாலும் அந்த ஆட்டத்தில் அதிகம் அடிவாங்கியவர் போலத் தெரிந்ததும் பிரெட்தான். டீசலின் கால்களைக் கயிற்றால் கம்பத்தில் கட்டிவைத்து அடித்தார், சரி. ஆனால் கடைசிக் கட்டத்தில் மேடை விளிம்பில் நின்றவரை டீசல் தள்ளிவிட, வர்ணனையாளர் மேஜை மேல் விழுந்து மேஜை நொறுங்கியது. பிறகு அசைவற்றுக் கிடந்தவரை உள்ளே இழுத்துப் போட்டு, ஜாக்நைஃப் போட டீசல் தூக்கினார். பிரெட் துணி மாதிரித் துவண்டு சரிந்தார். கூட்டம் முடிந்தது என்று நினைத்த அந்த நொடியில், டீசலின் காலையும் கழுத்தையும் சேர்த்து மடக்கி உருட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று!

இதில் யாருக்கு என்ன கிடைத்தது என்று ஐந்தொகை போட்டுப் பாருங்கள். பிரெட்டுக்குப் பட்டம். தோற்ற டீசலுக்கு? ஏமாந்ததால்தான் தோற்றான், பலத்தில் தோற்கவில்லை என்ற பெயர். மணி அடித்த பிறகு கோபத்தில் அவர் பிரெட்டைத் தூக்கிப் போட்டபோது, முன்பைவிடப் பயங்கரமானவராகத் தெரிந்தார். தோற்கடித்த கையோடு எதிராளியின் மதிப்பை ஏற்றிவிடுவது எவ்வளவு பேருக்கு வரும்? டீசலையும் குறைத்துச் சொல்லக் கூடாது. சிறியவர் சொன்னபடி கேட்கவும், காலைப் பிடித்துக்கொண்டு துடிக்கவும் அவருக்கு மனம் இருந்தது. பல பெரிய ஆட்களுக்கு அந்த மனம் இருப்பதில்லை.

இந்தத் தொழிலில் ஒவ்வொரு முறை தூக்கப்படும்போதும் உங்கள் கழுத்து அடுத்தவர் கையில். தன்னோடு மோதிய யாரையும் பெரிதாகக் காயப்படுத்தியதில்லை என்பதைத்தான் பிரெட் தன் பெரிய பெருமையாகச் சொல்வார். ஆனால் அந்தக் கவனம் அவருக்கு எப்போதும் திரும்பக் கிடைக்கவில்லை.

1999 டிசம்பர் 19, வாஷிங்டன். அப்போது வேறு கம்பெனியில் இருந்தார். எதிரே கோல்ட்பெர்க், அமெரிக்கக் கால்பந்திலிருந்து வந்தவர், அபார பலசாலி, தொழிலுக்கு வந்து இரண்டு வருடம் சொச்சம்தான். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் முடியும் ஆட்டங்களிலேயே பெயர் எடுத்தவர். அன்று அவர் விட்ட ஓர் உதை, மெதுவாகப் பட வேண்டியது, முழு வேகத்தில் பிரெட்டின் தலையில் பட்டது. மூளை அதிர்ச்சி. அந்த நிலையிலும் பிரெட் ஆட்டத்தை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தார். அதற்குப் பிறகு சில வாரங்கள் ஆடினார். 2000-ல் ஓய்வை அறிவித்தார். வயது 43. வேண்டுமென்று செய்யவில்லை என்றும், அதற்காக வருந்துவதாகவும் கோல்ட்பெர்க் பலமுறை சொல்லியிருக்கிறார். வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்தான். பலம் அவரிடம் இருந்தது. அதை எங்கே நிறுத்துவது என்பது இன்னும் கைவரவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், அந்தச் சீட்டில் ஒரு கட்டம் குறைகிறது. "எத்தனை பேரைத் தன்னைவிடப் பெரியவராகக் காட்டினார், எத்தனை பேரைக் காயமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்" என்ற கட்டம். அந்தக் கட்டம் இருந்திருந்தால் ஆறடிக்காரர் சீட்டைக் கட்டின் கடைசியில் யாரும் ஒளித்திருக்க மாட்டார்கள்.

பேரப்பிள்ளைகள் வந்திருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த 1995 நவம்பர் ஆட்டத்தைத் தேடிப் போட்டுப் பாருங்கள். எல்லோரும் ஏழடிக்காரரின் கைகளைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் ஆறடிக்காரரின் பாதங்களைப் பாருங்கள். அவர் தூக்கப்படுவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்னால், அவை தாமாகவே தரையை விட்டு எம்புவது தெரியும்.