மன்னார்க் கடலின் நீலமும் நீர் மூலக்கூற்றின் அதிர்வும்

மன்னார்த் தீவின் இரு மருங்கிலும் கடல் ஒரே நிறத்ததன்று. வடக்கே பாக்குக் குடா ஆழங் குறைந்து, கலங்கி, பச்சை சார்ந்து கிடக்கும். தெற்கே மன்னார்க் குடா கரையை விட்டு அகல அகலக் கருநீலமாகும். கடலோடிகள் நெடுங்காலமாக அறிந்த இவ்வேறுபாட்டின் காரணம் பற்றி விஞ்ஞான விவாதமும் நிகழ்ந்துள்ளது. அதிலே தமிழ்க் குடும்பங்களிற் பிறந்த இருவருக்கும் பங்குண்டு.

சிலாவத்துறை, அரிப்பு, மரிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு அப்பாலுள்ள முத்துப் பார்களில், கல்லின்மீது காலூன்றிக் கயிற்றோடு இறங்கியோர் ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம் வரை சென்றனர். அவ்வாழத்திலே சிவப்புப் பொருள் கருமையாகத் தோன்றும். 1902 இல் இப்பார்களை ஆராய வந்த ஹேட்மனின் அறிக்கையை இலண்டன் றோயல் கழகம் ஐந்து தொகுதிகளாக வெளியிட்டது. சிப்பியின் வாழ்வும் நோயும் அதிலே விரிவாக ஆராயப்பட்டன. பின்னணியில் நின்றது குடியேற்ற அரசின் வருமானம். 1906 இல் முத்துக்குளிப்பு உரிமை கம்பனியொன்றுக்குக் குத்தகையாக விடப்பட்டமை இதற்குச் சான்று. குளிப்பவன் நீரடியிற் கண்ட நிறம் அவ்வாய்வின் வினாவன்று.

கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்பது றேலி பிரபுவின் கருத்து. 1921 இல் கடற் பயணத்தின்போது சி. வி. இராமன் நிக்கல் அரியத்தின் துணையால் மேற்பரப்பிலே தெறிக்கும் வானொளியை நீக்கிப் பார்த்தார். நீலம் மறையவில்லை. நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்வதே முதற் காரணமென 1922 இல் அவர் எழுதினார். சிவப்பொளி உறிஞ்சப்படுவதற்கு இரண்டாமிடமே அளித்தார். மறு ஆண்டிலே அவருடைய மாணவர் கே. ஆர். இராமநாதன் நீரிற் சிதறிய ஒளியில் மங்கலான ஓர் ஒளிர்வைக் கண்டார். 1928 இல் இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் கண்டறிந்த விளைவுக்கு அது முன்னோடியாயிற்று. எம்மிடையே இக்கதையை இவ்விடத்தில், வெற்றி முழக்கத்தோடு, முடித்துவிடுவதே வழக்கம். ஆயின் இரண்டாமிடம் பெற்ற உறிஞ்சலே இன்று முதன்மை பெறுகின்றது.

தூய நீரில் ஒரு மீற்றர் தூரம் சென்றதும் 700 நனோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பொளியில் ஏறத்தாழப் பாதி இழக்கப்படும். ஒட்சிசன்–ஐதரசன் பிணைப்பின் அடிப்படை அதிர்வு செந்நிறக்கீழ்ப் பகுதியிலே உறிஞ்சுவது. அதே அதிர்வு ஒருங்கே நான்கு சத்திச்சொட்டுகளைப் பெற்று உயர்நிலைக்கு ஏறும்போது உறிஞ்சல் கட்புலனாகும் சிவப்பை எட்டுகின்றது. இதனை 1993 இல் பிரவுணும் சிமிர்நொவ்வும் தெளிவுபட விளக்கினர். ஐதரசனுக்குப் பதிலாகத் தூத்தேரியங் கொண்ட பாரநீரில் அதிர்வு தாழ்வதால் அவ்வுறிஞ்சல் கட்புலனுக்கு அப்பாற் செல்கிறது, பாரநீர் நிறமற்றது. சிதறல் மட்டுமே காரணமாயின் இவ்வேறுபாடு தோன்ற இடமில்லை.

இனி, அத்துணை உயர்நிலையில் மூலக்கூறு எவ்வாறு அதிர்கிறது? தாழ்நிலையில் இரு பிணைப்புகளும் கூடியோ, ஒன்று நீள மற்றது குறுகியோ அதிரும். உயர்நிலையிலே இவ்வொழுங்கு குலைகின்றது. ஒக்ஸ்போட்டில் லோட்டனும் சைல்டும் 1979 இல் நியூட்டன் வழிவந்த பழைய இயக்கவியலையே கொண்டு இதனை ஆராய்ந்தனர். ஒரே கிளையிற் கட்டிய இரு ஊஞ்சல்களை எண்ணுக. ஒன்றை மெல்ல ஆட்டினால் ஆட்டம் மற்றதற்கு மாறி மாறிச் செல்லும். மிக உயர ஆட்டினாலோ அதன் ஆட்டக்காலம் நீண்டு, மற்றதோடு இசையாது, ஆட்டம் அதனிடத்தே தங்கிவிடும். நீரிலும் வீச்சம் பெருகுகையில் பிணைப்பின் மீடிறன் குறைய, சத்தி ஒரு பிணைப்பிலேயே நெடிது தங்குகின்றது. சத்திச்சொட்டுக் கொள்கை வந்தபின் பழைய இயக்கவியல் வழக்கொழிந்ததென்போர் இதனைக் கருதல் வேண்டும்: சத்திச்சொட்டுக் கணிப்புத் தரும் மட்டங்கள் இணையிணையாக நெருங்கி நிற்பதன் பொருளை எளிதிற் புலப்படுத்துவது அப்பழைய முறையே.

பாக்குக் குடாவின் நிறத்துக்கு இவ்விளக்கம் போதாது. அங்கே ஒளி ஆழஞ் செல்லுமுன்னரே மணலும் சேறும் நுண்பாசியும் அதனை மறித்துவிடுகின்றன.