வினாவைத் தயாரிப்பவரே ஆசிரியர்: இணையவழிப் பாடக் கருவிகளின் வரலாறு தரும் படிப்பினை

பிள்ளைக்கு வீட்டுப்பாடமாக ஒரு தலைப்பு தரப்படுகிறது. இணையத்தில் தேடி எழுதி வர வேண்டும் என்பது கட்டளை. பிள்ளை தேடுகிறது, முதலில் கிடைப்பதை எடுக்கிறது, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டு, வண்ண அட்டை போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. மதிப்பெண்ணும் கிடைத்து விடுகிறது. ஆனால், அப்பிள்ளை கற்றுக்கொண்டது என்ன? பெற்றோராகவும் ஆசிரியராகவும் நாம் அடிக்கடி எதிர்கொள்ளும் இக்கேள்வி புதியதன்று. இணையம் வகுப்பறைக்குள் நுழைந்த நாள்களிலேயே எழுந்த கேள்வி இது. அதற்கு ஓர் ஆசிரியப் பயிற்சி வகுப்பில் கிடைத்த விடையை நாம் மறந்துவிடலாகாது.

கணினி வழியே பாடம் நடத்தும் முயற்சி இணையத்தைவிட மூத்தது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் என்பவர் 1960-இல் 'பிளேட்டோ' என்னும் அமைப்பைத் தொடங்கினார். திரையில் வினா தோன்றும். மாணவர் விசையை அழுத்தி விடையளிப்பார். சரியா, தவறா என்பதைக் கணினி உடனே தெரிவிக்கும். 1967-இல் அதற்கென 'டியூட்டர்' என்னும் கணினிமொழி உருவாக்கப்பட்டது. கணினிப் பொறியியல் கல்லாத ஆசிரியர்களும் தம் பாடங்களைத் தாமே அமைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1970-களில் திரையை விரலால் தொட்டே விடையளிக்கும் வசதியும் வந்தது. எனினும், இவற்றையெல்லாம் இயக்கப் பெரிய கணினி ஒன்று தேவைப்பட்டது. சாதாரணப் பள்ளிகளுக்கு அது எட்டாக்கனி. மேலும், அதன் பயிற்சிப் பாடங்களில் வினாவும் விடையும் பாடம் எழுதியவர் முன்கூட்டியே வகுத்த எல்லைக்குள்தான் நின்றன.

அந்த எல்லையை உடைத்தது வலை. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வு நிறுவனத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் முன்மொழிந்த வலைத் தொழில்நுட்பம், 1993 ஏப்ரல் 30 அன்று எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் வகையில் பொதுவுடைமையாக்கப்பட்டது. அதே ஆண்டில், படங்களையும் எழுத்தையும் ஒரே பக்கத்தில் காட்டிய 'மொசைக்' உலாவி வெளிவந்தது. அதுவும் பிளேட்டோ பிறந்த அதே இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து வந்ததே. இப்போது தகவலுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் புதிய இடர் ஒன்று தோன்றியது. விருப்பம்போல் தேடவிட்டால் வகுப்பு நேரம் முழுவதும் தேடுவதிலேயே கரைந்தது. தேடும் பக்கத்தைச் சுட்டிக்காட்டினாலோ, மாணவர் அதைப் படியெடுத்து வைத்தார்.

இந்நிலையில்தான் 1995-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அந்த வகுப்பு நடந்தது. பேராசிரியர் பெர்னி டாட்ஜ், 'ஆர்க்கியோடைப்' என்னும் மென்பொருளை வருங்கால ஆசிரியர்களுக்கு அறிமுகப்படுத்த விரும்பினார். கணினித் திரையிலேயே அகழாய்வு செய்யக் கற்பிக்கும் மென்பொருள் அது. ஆனால் அதன் பிரதி அவரிடம் இல்லை. எனவே அதைப் பற்றிய மதிப்பீட்டு அறிக்கை, இணையப் பக்கங்கள், அதனை அறிந்தவர்களோடு நேரடி உரையாடல் எனச் சில ஆதாரங்களைத் திரட்டினார். மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, அவர்கள் பயிற்சி பெறவிருந்த பள்ளியில் இம்மென்பொருள் பயன்படுமா என்று ஆராய்ந்து முடிவு கூறுமாறு பணித்தார். அதன்பின் அவர் விரிவுரை ஆற்றவில்லை. குழுக்களிடையே நடந்து செவிமடுத்தார். அதுவரை அவர்களிடமிருந்து அவர் கேட்டிராத ஆழமான கருத்துகள் அன்று வெளிப்பட்டன.

இதையே அவர் டாம் மார்ச் என்பவருடன் இணைந்து 'வெப்குவெஸ்ட்' என்னும் பாட வடிவமாக்கினார். அறிமுகம், பணி, ஆதாரங்கள், செய்முறை, மதிப்பீடு, நிறைவு என ஒரு வலைப்பக்கத்தில் பாடம் முழுவதும் அடங்கிவிடும். இவற்றுள் உயிரானது 'பணி'யே. 'குளங்களின் பயன்களை எழுதுக' என்றால் படியெடுத்து விடலாம். 'ஊர்க்குளத்தைத் தூர்த்துப் பேருந்து நிலையம் கட்டலாமா?' என்று கேட்டு, ஒருவரை விவசாயியாகவும், ஒருவரை வணிகராகவும், ஒருவரைப் பொறியாளராகவும் அமர்த்திப் பாருங்கள். ஆதாரங்களை ஒப்பிட வேண்டும். அடுத்தவர் வாதத்தைக் கேட்க வேண்டும். முடிவுக்குக் காரணம் சொல்ல வேண்டும். இவற்றை எந்தப் பக்கத்திலிருந்தும் படியெடுக்க இயலாது.

பல நாடுகளின் ஆசிரியர்கள் இவ்வடிவை விரும்பி ஏற்றனர். ஆனால் வடிவம் பரவிய வேகத்தில் கருத்து பரவவில்லை. சில இணைப்புகளும் அவற்றின் கீழே விடை நிரப்பும் வினாக்களும் கொண்ட பக்கங்களுக்கும் அதே பெயர் சூட்டப்பட்டது. பெயர் மட்டும் பொருந்தும், பொருள் பொருந்தாது என்று அதைத் தோற்றுவித்தவர்களே சுட்டிக்காட்ட வேண்டியதாயிற்று. காலப்போக்கில் இணைப்புகள் செயலிழந்து, நல்ல பாடங்கள் பலவும் பயனற்றுப் போயின.

அதன்பின் கருவிகள் பெருகின. 2002-இல் ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியாமாஸ் 'மூடுல்' என்னும் கட்டற்ற மென்பொருளை வெளியிட்டார். ஆசிரியர் தம் பாடத்தையும் கலந்துரையாடலையும் தேர்வையும் அதில் ஒருங்கே அமைக்கலாம். இந்தியாவில் 2017-இல் 'தீக்‌ஷா' தளம் தொடங்கப்பட்டது. 2020 முதல் 'நிஷ்தா' ஆசிரியர் பயிற்சி அதன் வழியே இணையத்தில் நடந்தது. தொலைதூரச் சிற்றூர் ஆசிரியருக்கும் பயிற்சி எட்டியது பெரும்பேறு. ஆயினும், காணொலியைக் கண்டு, வினாடி வினாவை முடித்து, சான்றிதழைப் பதிவிறக்குவதோடு பயிற்சி நின்றுவிடுமானால், நாம் 1960-இன் திரைக்கே திரும்பியவர்களாவோம். சான் டியாகோவின் பயிற்சி மாணவர்கள் புதிய முறையைப் பற்றிக் கேட்டு அறியவில்லை. அதனுள் இருந்து கற்றனர். அங்ஙனம் கற்றவரே அவ்வாறு கற்பிக்கவும் வல்லவர்.

இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் மாணவரின் கட்டுரையை நொடியில் எழுதித் தருகின்றன. ஆசிரியரின் பாடக்குறிப்பையும் எழுதித் தருகின்றன. ஒருவர் எழுதவில்லை, மற்றவர் சிந்திக்கவில்லை, இருவருக்கும் வேலை முடிந்துவிடுகிறது. இதற்கு மருந்து, கருவியைத் தடை செய்வதன்று. அந்த 1995 வகுப்பில் மென்பொருளே இல்லை. இருந்தது ஒரு நல்ல வினாவும் அதைத் தயாரித்த ஆசிரியரின் உழைப்பும்தாம்.

நம் பள்ளிகளிலும் வார இறுதி மக்தப்களிலும் பணியாற்றுவோர், அடுத்த பாடத்திற்குச் செயலியைத் தேடுமுன், படியெடுக்க முடியாத ஒரு வினாவை எழுதிப் பார்க்கட்டும். வீட்டில் நாமும், 'எத்தனை பக்கம் எழுதினாய்?' என்று கேட்பதை விடுத்து, 'என்ன முடிவுக்கு வந்தாய்? ஏன்?' என்று கேட்கப் பழகுவோம். பிள்ளை சற்றுத் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தில்தான் கல்வி தொடங்குகிறது.