லாட்டரியும் எதிர்வீடும்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒன்பது சீசன்கள் ஓடிய இரண்டு குடும்பத் தொடர்களின் கடைசி சீசன்களை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். 'ரோசேன்' ஏபிசி அலைவரிசையில் 1988 அக்டோபரில் தொடங்கி 1997 மே மாதம் முடிந்தது. 'எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட்' சிபிஎஸ் அலைவரிசையில் 1996 செப்டம்பரில் தொடங்கி 2005 மே மாதம் முடிந்தது. இரண்டுமே ஒரு மேடை நகைச்சுவைக் கலைஞரின் சொந்த வாழ்க்கையிலிருந்து முளைத்தவை. ரோசேன் பார் தன் இல்லத்தரசி அனுபவத்தை மேடையில் சொல்லிச் சிரிக்கவைத்தவர். ரே ரோமானோ தன் பெற்றோரையும் போலீஸ்காரரான அண்ணனையும் சொல்லிச் சிரிக்கவைத்தவர். இரண்டு தொடர்களின் கடைசி எபிசோடும் ஒரே பயத்தைத் தொடுகிறது: இந்த வீட்டு ஆண்பிள்ளை செத்துப்போனால் என்ன ஆகும்?

ஒன்பது ஆண்டு ஓடிய தொடரை முடிப்பதற்குக் கதை முடிச்சுகளை அவிழ்த்தால் போதாது. அந்தக் குடும்பத்தை அத்தனை காலம் பிடித்துவைத்திருந்த பிரச்சினை ஒன்று இருக்கும். கடைசிவரை அதை விடாமல் இருக்கிறார்களா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

'ரோசேன்' தொடரின் கானர் குடும்பத்துக்குப் பிரச்சினை பணம். இலினாய் மாநிலத்தில் லான்ஃபர்ட் என்ற கற்பனைச் சிற்றூர். ரோசேன் வெல்மன் பிளாஸ்டிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். கணவன் டான் கட்டட வேலைக்காரன். வேலை வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. மின்கட்டணம் கட்ட முடியாமல் இருட்டில் உட்கார்ந்த குடும்பத்தை அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சி அதிகம் காட்டியதில்லை. அதே காலத்தில் 'தி காஸ்பி ஷோ' டாக்டர் கணவனும் வக்கீல் மனைவியும் வாழும் வசதியான வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தது. 1989-90 பருவத்தில் 'ரோசேன்' அந்தத் தொடரோடு சேர்ந்து பார்வையாளர் பட்டியலில் முதலிடத்தில் நின்றது. கடன்காரனின் தொலைபேசி அழைப்பை நகைச்சுவையாக்கும் துணிச்சல் அதற்கு இருந்தது.

ஒன்பதாவது சீசனில் அந்தக் குடும்பத்துக்கு 10 கோடியே 80 லட்சம் டாலர் லாட்டரி விழுகிறது.

அதோடு தொடரின் தரை நழுவிவிட்டது. ரோசேன் ரயிலில் தீவிரவாதிகளை அடித்து நொறுக்குகிறாள். தங்கை ஜாக்கி மால்டேவியா நாட்டு இளவரசன் ஒருவனோடு காதலில் விழுகிறாள். பெரிய மனிதர்களின் விருந்துகள், ஆடம்பரக் குளியல் விடுதிகள், பிற தொடர்களைக் கிண்டல் செய்யும் கனவுக் காட்சிகள். டானாக நடித்த ஜான் குட்மன் பல எபிசோட்களில் இல்லை. கதையில் அவன் கலிஃபோர்னியாவில் மனநல மருத்துவமனையில் இருக்கும் தாயைப் பார்க்கப் போய், அங்கே அவளைக் கவனித்துக்கொள்ளும் பெண்ணிடம் மனதைப் பறிகொடுக்கிறான். எட்டு ஆண்டுகள் சண்டை போட்டுக்கொண்டே ஒருவரையொருவர் தாங்கிய தம்பதிக்கு இது பொருந்தவே இல்லை. பணம் வந்தால் ஏழைக் குடும்பம் எப்படி மாறும் என்பதை நேர்மையாகச் சொல்லியிருந்தால்கூட நல்ல சீசனாக வந்திருக்கும். யார் கடன் கேட்டு வருவார்கள், யாரிடம் முகம் கொடுக்க முடியாமல் போகும் என்பதிலேயே எத்தனையோ கதைகள் உண்டு. தொடர் அந்தப் பக்கம் அதிகம் திரும்பவில்லை.

ஒரே ஓர் இடத்தில் பழைய 'ரோசேன்' உயிரோடு எழுந்து வருகிறது. மகள் டார்லீனுக்குக் குறைமாதத்தில் குழந்தை பிறக்கிறது. பிழைக்கும் என்று டாக்டர்களுக்கு நம்பிக்கை இல்லை. வங்கியில் எத்தனை கோடி இருந்தாலும் அந்த அறையில் அதற்கு மதிப்பில்லை. எழுத்தாளர்களுக்குப் பணத்தை மறக்க ஒரு காரணம் கிடைத்ததும் மனிதர்கள் திரும்பி வந்துவிட்டார்கள்.

'ரேமண்ட்' தொடரின் பரோன் குடும்பத்துக்குப் பிரச்சினை தூரம், அதாவது தூரம் இல்லாதது. நியூயார்க்கின் லாங் ஐலண்டில், லின்புரூக் என்ற ஊரில், நாயகன் ரேயின் வீட்டுக்கு எதிர்வீட்டில் அவன் அப்பா ஃபிராங்கும் அம்மா மேரியும். மேரி கதவைத் தட்டாமல் உள்ளே வருவாள், மருமகள் டெப்ராவின் சமையலைக் குறை சொல்வாள், மகன் தட்டில் இன்னொரு கரண்டி வைப்பாள். அண்ணன் ராபர்ட் தம்பிக்குக் கிடைக்கும் பாசத்தை எண்ணிப் பொருமுவான். இந்தியாவில் 2015-இல் ஸ்டார் பிளஸ் இதை 'சுமித் சம்பால் லேகா' என்று இந்தியில் எடுத்தபோது கதை புரிவதற்கு யாருக்கும் விளக்கம் தேவைப்பட்டிருக்காது. ரஷ்யாவில் எடுத்த 'வரோனினி' பத்து ஆண்டுகள் ஓடியது.

கடைசி சீசனின் தொடக்கத்திலேயே படைப்பாளர் ஃபில் ரோசென்தாலும் குழுவினரும் தங்கள் லாட்டரியைக் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். ஃபிராங்கும் மேரியும் நியூஜெர்சியில் முதியோர் குடியிருப்புக்குப் போகப்போவதாக அறிவிக்கிறார்கள். டெப்ரா ஒன்பது ஆண்டுகளாகக் கேட்ட வரம் கிடைத்துவிட்டது. பெற்றோரின் வீட்டை ராபர்ட்டும் மனைவி ஏமியும் வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் அடுத்த எபிசோடிலேயே, குடியிருப்பில் மற்றவர்களால் இவர்கள் இருவரையும் தாங்க முடியாமல் வெளியேற்றிவிடுகிறார்கள். மறுபடியும் எதிர்வீடு.

இதில்தான் எனக்கு மிகுந்த மதிப்பு. 'ரோசேன்' குழு கதவைத் திறந்து வெளியே போய்த் திரும்பும் வழியை மறந்தது. 'ரேமண்ட்' குழு அதே கதவைத் திறந்து பார்த்து, இந்தக் குடும்பம் வெளியே வாழாது என்று புரிந்துகொண்டு மூடிவிட்டது. கடைசி சீசனுக்கு அவர்கள் எடுத்தது 16 எபிசோட்கள் மட்டும். சொல்வதற்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் பார்த்து நிறுத்தியவர்கள் அவர்கள்.

இனி அந்த இரண்டு மரணங்கள். 2005 மே 16 அன்று ஒளிபரப்பான கடைசி எபிசோடில் ரேவுக்கு அடினாய்டு அறுவை சிகிச்சை. சாதாரண விஷயம். நர்ஸ் வெளியே வந்து, மயக்கத்திலிருந்து அவனை எழுப்புவதில் சிக்கல் என்கிறாள். டெப்ராவின் முகம் வெளுக்கிறது. வாழ்நாள் முழுக்கத் தம்பிமேல் பொறாமைப்பட்ட ராபர்ட் பதறிப்போகிறான். சற்று நேரத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது. அந்த நேரம் மேரி அங்கே இல்லை. நடந்ததை அவளிடமும் ரேயிடமும் மறைக்கத் தீர்மானிக்கிறார்கள், அந்தக் குடும்பத்தில் எதுவும் மறையாது என்று தெரிந்தே. வழக்கமான அரைமணி நேர எபிசோட்தான். யாரும் ஊரைவிட்டுப் போகவில்லை, திருந்தவுமில்லை. அதை ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள்.

'ரோசேன்' 1997 மே 20 அன்று வேறு விதமாக முடிந்தது. வீட்டார் எல்லாரும் மேசையைச் சுற்றி இருக்கும்போது ரோசேனின் குரல் தனியே பேசத் தொடங்குகிறது. நாம் பார்த்தது அவள் எழுதிய புத்தகம். லாட்டரி விழவே இல்லை. முந்தைய சீசனில், டார்லீனின் திருமணத்தில் டானுக்கு வந்த மாரடைப்பிலேயே அவன் இறந்துவிட்டான். மூத்த மகள் பெக்கியின் கணவனும் டார்லீனின் கணவனும் எழுத்தில் இடம் மாறியவர்கள். பெண்ணை விரும்புகிறவள், கதையில் காட்டியதுபோல் ரோசேனின் தாய் அல்ல, தங்கை ஜாக்கிதான். டான் செய்த துரோகம், அவன் தன்னை விட்டுப் போய்விட்டான் என்ற விதவையின் கோபம். உழைப்பாளி வர்க்கப் பெண்ணுக்குக் கணவன் போனால் பாதுகாப்பும் போகிறது. அதனால்தான் உலகத்துப் பணமெல்லாம் தன்னிடம் இருப்பதாக எழுதினாள்.

அந்தச் சில நிமிடங்களுக்கு ஈடான எதுவும் 'ரேமண்ட்' கடைசி எபிசோடில் இல்லை. நகைச்சுவைத் தொடர் ஒன்று தன் நாயகியைத் துக்கத்தோடு பழைய சோபாவில் தனியே விட்டுவிட்டுப் போவதற்கு அசாத்தியத் தைரியம் வேண்டும். ஆனால் 20-க்கும் மேற்பட்ட எபிசோட்களின் சறுக்கலை ஒரு தனிமொழி நியாயப்படுத்திவிடாது. விதவையின் கற்பனை என்று தெரிந்தபின் அந்த ரயில் சண்டையை மீண்டும் பார்த்தாலும் அது நல்ல எபிசோடாக மாறுவதில்லை. துக்கத்தின் தடயங்களை வழியெங்கும் விதைத்திருக்க வேண்டும்.

2018 மார்ச்சில் தொடர் திரும்பி வந்தபோது டான் உயிரோடு இருந்தான், லாட்டரிப் பணம் இல்லை, மருந்துச் செலவுக்குக் கணக்குப் பார்க்கும் குடும்பமாகவே கானர்கள் வந்தார்கள். தொடரை எடுத்தவர்களே ஒன்பதாவது சீசனைக் கைவிட்டார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ரோசேன் பாரின் இனவெறி ட்வீட்டுக்குப் பிறகு அதே ஆண்டு மே மாதம் அது நிறுத்தப்பட்டதும், அவர் இல்லாமல் 'தி கானர்ஸ்' 2025 வரை ஓடியதும் தனிக்கதை. மறுபக்கம், 'ரேமண்ட்' தொடரில் ஃபிராங்காக நடித்த பீட்டர் பாயில் 2006-லும் மேரியாக நடித்த டோரிஸ் ராபர்ட்ஸ் 2016-லும் மறைந்தார்கள். பெற்றோர் இல்லாமல் தொடரைத் திரும்ப எடுப்பதில்லை என்பதில் ரோசென்தால் உறுதியாக இருந்தார்.

முழு சீசனாக எடுத்துக்கொண்டால் 'ரேமண்ட்' முடிந்த விதமே மேல். அதன் 16 எபிசோட்களையும் வரிசையாகப் பார்க்கலாம். 'ரோசேன்' பார்க்க விரும்புகிறவர்கள் முதல் ஐந்து சீசன்களை முதலில் பாருங்கள். ஒன்பதாவதில் டார்லீனின் பிரசவத்தையும் இறுதி எபிசோடையும் மட்டும் பார்த்தால் போதும்.