நடுவில் மாறிய மைதானம்: ஹல் சிட்டியின் 2002–03 பருவம் குறித்து ஒரு மறுவாசிப்பு

இங்கிலாந்தின் கீழ் அடுக்கு லீக்குகளில் ஆடும் கால்பந்துக் கழகங்கள் புது அரங்குக்கு இடம்பெயர்ந்தால் கூட்டம் கூடுமா? ஆய்வாளர் பலர் தரும் விடை ஒன்றுதான்: கூடும், ஆனால் நிலைக்காது. மோகம் முப்பது நாள் என்பதே அவர்கள் கணக்கு. அதற்குப் பிறகும் உயர்வு நீடித்தால், அது அணி வென்றதால் வந்தது, கட்டடத்தால் அல்ல என்பார்கள். இந்த முடிவு முழுத் தவறென்று நான் சொல்லவில்லை. அதை எட்டிய வழியில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது என்கிறேன். ஆண்டுச் சராசரிகளைக் கொண்டு முன்னும் பின்னும் ஒப்பிடுபவர்கள், பருவத்தின் நடுவே இடம் மாறிய கழகங்களைச் சந்திக்கும்போது அந்தப் பருவத்தைக் ‘கலப்பு’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அரங்கின் பங்கையும் அணியின் பங்கையும் பிரித்துப் பார்க்க நமக்குள்ள அரிய சான்று அந்தப் பருவம்தான். கோடை விடுமுறையில் இடம் மாறும் கழகம் பெரும்பாலும் ஆட்டக்காரர்களையும் மாற்றுகிறது. சில சமயம் அதன் அடுக்கே மாறிவிடுகிறது. நடுப்பருவத்தில் மாறும் கழகமோ ஏறக்குறைய அதே அணியோடு, அதே அடுக்கில், அதே புள்ளிப்பட்டியலோடு புது வாசலில் நுழைகிறது.

ஹல் சிட்டியை எடுத்துக்கொள்வோம். 2002 டிசம்பர் 14 அன்று, பூத்ஃபெரி பார்க்கில் நடந்த கடைசி ஆட்டத்தில் டார்லிங்டனிடம் 0–1 என்று தோற்றது. டிசம்பர் 26 அன்று கேசி அரங்கின் முதல் லீக் ஆட்டத்துக்கு 22,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். இந்த ஒரு நாள் கூட்டத்தை நான் சான்றாகக் கொள்ளவில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எந்த மைதானமும் நிரம்பும், திறப்பு விழா என்றால் கேட்கவே வேண்டாம். பார்க்க வேண்டியது சராசரி. 2001–02இல் ஆட்டமொன்றுக்கு ஏறத்தாழ 9,500 பேர். 2003–04இல் ஏறத்தாழ 16,800. இடையில் ஒதுக்கிவைக்கப்பட்ட 2002–03இல் ஏறத்தாழ 12,800. முன்னும் பின்னும் உள்ள இரண்டு எண்களின் நடுப்புள்ளி 13,150. பருவத்தின் முதல் பாதி முந்தைய ஆண்டைப் போல நடந்தது என்று கொண்டால், புது அரங்கில் கழிந்த மறு பாதியின் சராசரி 16,000-ஐத் தொட்டிருக்க வேண்டும். முதல் பாதியில் 10,500 பேர் வந்ததாக வைத்துக்கொண்டாலும் மறு பாதிக்கு 15,000-க்குக் குறையாது. அந்த அணி வென்று குவித்துக்கொண்டிருக்கவில்லை. நான்காம் அடுக்கில் 13-ஆம் இடத்தில்தான் பருவத்தை முடித்தது. மூன்றாம் அடுக்குக்கு உயர்ந்தது 2004இல். ஆக, கூட்டம் முந்தியது, வெற்றி பிந்தியது.

இதற்கு எதிராகச் சொல்லத்தக்கவற்றுள் வலுவானது ஒன்றே. 2000–01இல் ஏறத்தாழ 6,700 ஆக இருந்த சராசரி, அரங்கு மாறுவதற்கு முன்பே 9,500-க்கு ஏறிவிட்டது. மைதான உரிமையாளரோடு தகராறு, பூட்டப்பட்ட வாசல், 2001இன் திவால் நடவடிக்கை என்று அல்லாடிய கழகம் புது உரிமையாளரிடம் வந்ததும் மீண்டெழுந்தது. அந்த ஏறுமுகத்தை அப்படியே நீட்டினால் 2002–03இன் 12,800 கிட்டத்தட்ட தானாகவே வந்துவிடும். இதை நான் மறுக்க முடியாது. ஆட்டவாரிக் கணக்கே இதைத் தீர்க்கும். ஆனால் இந்த வாதம் ஓரெல்லைக்கு மேல் செல்லாது. பூத்ஃபெரி பார்க்கின் இறுதிக்காலக் கொள்ளளவே ஏறத்தாழ 15,000தான். வடக்கு முனையில் 1982இல் சூப்பர்மார்க்கெட் எழுப்பப்பட்டு, பார்வையாளர் பகுதி சுருங்கிக் கிடந்த மைதானம் அது. அடுத்த பருவத்தின் சராசரி, உச்சமல்ல, சராசரியே, அந்தக் கொள்ளளவைத் தாண்டுகிறது. அரங்கு ஆட்களை இழுத்ததா, இடம் மட்டும் கொடுத்ததா என்று விவாதிக்கலாம். பழைய மைதானத்தில் அது நடந்திருக்காது என்பதில் விவாதம் இல்லை. 1985–86இல் 1.65 கோடியாகச் சரிந்த லீக்கின் மொத்தக் கூட்டம் பின்பு எங்கும் பெருகியதே என்பார்கள். ஆண்டுக்குச் சில விழுக்காடு வளர்ச்சி, இரண்டே பருவங்களில் நிகழ்ந்த இந்த ஏற்றத்தை விளக்காது. மேலாளர் பீட்டர் டெய்லர் அக்டோபரில் வந்த கவர்ச்சிதான் காரணம் என்பதற்கு 13-ஆம் இடமே போதிய பதில்.

அப்படியானால் டார்லிங்டன்? மோகக் கணக்கர்கள் எப்போதும் காட்டும் உதாரணம் அது. 2003 ஆகஸ்டில் 25,000 இருக்கைகளோடு திறந்த அரங்குக்கு முதல் ஆட்டத்தில் 11,600 பேர் வந்தார்கள். அப்பருவத்தின் சராசரி 5,000 அளவில் நின்றது. அதே டிசம்பரில் கழகம் திவால் நடவடிக்கைக்குள் போயிற்று. 2009–10இல் சராசரி 2,000-க்கும் கீழே. ஆனால் ஃபீத்தம்ஸ் என்ற பழைய மைதானத்தின் கடைசிப் பருவத்தில் வந்தவர்கள் 3,000-க்குச் சற்று மேல் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், இங்கும் புது அரங்கு முதலில் கூட்டத்தை ஒன்றரை மடங்காக்கியது. தங்கவைக்க ஊரில் ஆள் இல்லை. ஒரு லட்சத்தை எட்டாத நகரம். கூப்பிடு தூரத்தில் மிடில்ஸ்பரோ, நியூகாசில், சண்டர்லாந்து. ஹல்லிலோ இரண்டரை லட்சத்தை ஒட்டிய மக்கள். 2008 வரை முதல் அடுக்கையே எட்டாத கழகம். சுற்றுவட்டத்தில் அதற்கு நிகரான கால்பந்துப் போட்டியாளர் எவருமில்லை. 2007 சனவரி முதல் நாள், இதுவும் நடுப்பருவத்தில், 15,000 இருக்கை அரங்குக்கு மாறிய டான்காஸ்டர் ரோவர்ஸ் இரண்டுக்கும் இடையில் நிற்கிறது: இரண்டாம் அடுக்குக்கு உயர்ந்த 2007–08இலும் சராசரி 8,000-ஐ ஒட்டியே இருந்தது. பழைய மைதானம் எத்தனை முறை நிரம்பியது என்பதைவிட, வரக்கூடியவர் எத்தனை பேர் வராமல் இருந்தார்கள் என்பதே இந்த மூன்று கழகங்களையும் பிரிக்கிறது.

2003 கோடைக்குப் பிறகு ஹல்லிலும் அரங்கையும் வெற்றியையும் பிரிக்க முடியாது. 2005–06இன் ஏறத்தாழ 19,800 எதனுடைய பலன் என்று எவரும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. ஆகவே என் கோரிக்கை சிறியது. ஆண்டுச் சராசரியை விட்டு ஆட்டவாரிக் கணக்குக்கு வாருங்கள். ‘கலப்பு’ என்று ஒதுக்கிய பருவங்களை அட்டவணைக்குள் திரும்பக் கொண்டுவாருங்கள். அதுவரை, புது அரங்கின் ஈர்ப்பு நிலைக்காது என்ற முடிவை நிறுவப்பட்டதாகக் கொள்ள முடியாது.