வடலூர்ச் சாலையின் அடுப்பு

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் பெருவழியும் சென்னையிலிருந்து கும்பகோணம் செல்லும் பெருவழியும் சந்திக்கின்ற வடலூரில், சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-ஆம் ஆண்டு அவதரித்த இராமலிங்க அடிகளார், பிரபவ வருஷம் வைகாசி 11-ஆம் நாள், அதாவது 1867 மே 23 அன்று, சத்திய தருமச்சாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிந்துவருகிறது.

தென்னாட்டுக்கு அன்னதானம் புதிதன்று. தில்லை முதலிய க்ஷேத்திரங்களுக்குச் செல்லும் யாத்திரிகர்களுக்காகப் பிரபுக்களும் தனவந்தர்களும் மானியம் எழுதிவைத்த சத்திரங்கள் பலவுண்டு. ஆனால் அவற்றுட் பெரும்பாலானவற்றில் பந்திக்கு முன்னே ஜாதி விசாரணை நிற்கும், புண்ணியமோ மானியம் தந்தவர் கணக்கிலே சேரும். அடிகளார் கண்ட முறை வேறு. 1865-இல் தாம் நிறுவிய சன்மார்க்க சங்கத்து அன்பர்கள் பொருள் திரட்டவும் சமைக்கவும் பரிமாறவும் வேண்டுமென்று, தருமத்தைத் தனவந்தர் கையிலிருந்து எடுத்து ஒரு சங்கத்தாரின் நித்திய ஒழுக்கமாக்கினார். பார்வதிபுரத்துக் குடிகள் சுமார் 80 காணி நிலத்தை மனமுவந்து எழுதிக் கொடுத்தனர். சாலை முதலில் மண்சுவரும் கூரையுமாகவே எழுந்தது.

தொடக்க நாளில் அவருடைய ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூலின் பகுதி வாசிக்கப்பட்டது. பசித்தவனுடைய கண்ணும் காதும் நாவும் அறிவும் படிப்படியாக எவ்வாறு தளர்கின்றன என்பதை ஒரு வைத்தியனின் நோய்க்குறிப்பைப்போல அதில் அவர் எழுதிச் செல்கிறார்; பசித்தவனுடைய தேசம், சமயம், ஜாதி மட்டுமன்றி அவனுடைய செய்கையையுங்கூட விசாரித்தல் கூடாதென்கிறார். அக்காலத்தில் இந்தக் கடைசி நிபந்தனையே மிகக் கடினமானதென்று எனக்குத் தோன்றுகிறது.

ஏனெனில், பத்தாண்டுகளுக்குள் சென்னை ராஜதானியைத் தாது வருஷப் பெரும்பஞ்சம் பற்றியபோது, சர்க்கார் நிவாரணம் பெரும்பாலும் மண் வெட்டியும் கல் உடைத்தும் உழைப்போருக்கே கூலியாகக் கிடைத்தது. 1877-இல் ரிச்சர்டு டெம்பிள் துரை அக்கூலியையும் குறைத்து, ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசுமே போதுமென்று வகுக்க, சுகாதார அதிகாரி கார்னிஷ் அதனை வன்மையாக எதிர்த்து எழுதினார். அடிகளாரோ 1874 ஜனவரி 30 அன்றே மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்து அறையுள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டார். பஞ்சகாலத்தில் வடலூர் அடுப்பைக் காக்கும் பொறுப்பு சங்கத்தாருடையதாயிற்று.

அடிகளார் வடலூரிலேயே எழுப்பிய, உத்தரஞான சிதம்பரம் என்று போற்றப்படும் சத்திய ஞானசபை 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று திறக்கப்பட்டது. சபையின் ஏழு திரைகள் விலகக் கிட்டும் ஜோதி தரிசனத்துக்கே இன்று ஜனசமுத்திரம் திரள்கிறது. ஆயினும் சபைக்கு ஏறத்தாழ ஐந்தாண்டு மூத்தது சாலை என்பதை அந்தக் கூட்டத்தில் எத்தனைபேர் எண்ணுவரோ! நிர்வாகம் அறநிலையத்துறையின் வசமாயினும், பூசத்துக்கு அரிசி மூட்டைகளையும் காய்கறிகளையும் வண்டியேற்றிக் கொணர்வோர் சுற்றுவட்டாரக் கிராமத்தாரே. இறக்கிவைத்துவிட்டு அவர்களுள் பலர் காய் நறுக்கவும் இலை போடவும் அங்கேயே தங்கிவிடுகின்றனர்.