செனாவாங் வட்டார மலாய்

மலாய்மொழி வழங்கும் நிலம் பரந்தது. மலாய்த் தீபகற்பம், சுமத்திராவின் கிழக்குக் கரை, போர்னியோவின் கடலோரம், தென் தாய்லாந்தின் பட்டாணி ஆகிய இடங்களிலெல்லாம் அது வாழ்கிறது. ஆயினும் இடந்தோறும் அதன் ஒலி வேறுபடும். சிரம்பானை அடுத்த செனாவாங், முன்பு ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்து இன்று தொழிற்பேட்டையாகிய ஊர். அதனைச் சூழ்ந்த கம்பங்களில் இவ்வேறுபாட்டைக் கேட்கலாம்.

பொதுமலாயில் 'டுவா', 'தீகா' என வழங்கும் எண்ணுப்பெயர்கள் நெகிரி செம்பிலானில் 'டுவோ', 'தீகோ' என்று ஒலிக்கின்றன. காரணம் யாது? இம்மாநில மலாய்க்காரர் பலரின் முன்னோர் மேற்குச் சுமத்திராவின் மினாங்கபாவ் நாட்டினின்று மலாக்கா நீரிணையைக் கடந்து வந்து குடியேறியவர்கள். அந்நாட்டிலும் இவை 'டுவோ', 'தீகோ' என்றே வழங்குகின்றன. அங்கிருந்து வந்த ராஜா மெலேவார் 1773-இல் இங்கு அரசரானார். தாய்வழியே நிலவுரிமை செல்லும் 'அடாட் பெர்பாத்தே' என்னும் வழக்கமும் அவர்கள் கொணர்ந்ததே. மலாக்கா மாநிலத்து நானிங்கிலும் இப்பேச்சும் இவ்வழக்கமும் உண்டு. எனவே, மாநில எல்லை வேறு, மொழியெல்லை வேறு என்பது தெளிவு.

தொல்காப்பியர் திசைச்சொல்லுக்குச் சொல்லிலக்கணத்தில் இடம் அளித்தார். ஆதலின் இவ்வுண்மை தமிழாசிரியர்க்குப் புதிதன்று. தேர்வில் பொதுமலாயே எழுதப்பட வேண்டும். எனினும், கம்பத்துத் தோழரிடம் கற்ற 'தீகோ'வை ஒரு தமிழ் மாணவன் சொன்னால், அதனைக் கொச்சை எனத் தள்ளாது, அதன் வரலாற்றை எடுத்துரைப்பதே நற்பாடமாகும்.